வாழைநாரும் சாம்பல் மந்தியும்

மந்தியின் எச்சத்தை உலர்த்திச் சலித்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை என்று வீட்டில் சொல்ல எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. அதுவரை 'காட்டுல ஆராய்ச்சி' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. மயிலாப்பூர் மாட வீதியில் அவள் பூ விற்கிற இடத்துக்கு வருகிறவர்களிடம், "எம் புள்ள காட்ல ஆபீசரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நைனாதான் விடவில்லை. தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையின் கிடங்கில் சேலைக் கட்டுகளை ஏற்றி இறக்குகிறவர் அவர். கடையில் யாராவது கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டுமாம்.

"ஆபீசர்னா எந்த ஆபீசு?"

"ஆபீசர் இல்ல நைனா. படிச்சுகினுதான் கீறேன். படிக்கிறதுக்கே மாசா மாசம் பணம் குடுக்கிறாங்க."

"சரி, இன்னா படிக்கிற?"

"மந்தி இன்னா துன்னுதுன்னு."

"அத்த எப்டி கண்டுபிடிப்ப? அது கைலயே கேப்பியா?"

"அது போட்டதை எடுத்துப் பாப்பேன்."

நைனா அம்மா பக்கம் திரும்பி, "கேட்டுக்கோ. உம் புள்ள பதினாறு, பதினேழு வருசம் பட்ச்சிட்டு கொரங்கு பீ அள்ளிகினு கீறான்" என்றார்.

அம்மா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆஞ்சநேயரை அப்டிலாம் பேசாதய்யா."

"நான் எங்க ஆஞ்சநேயரைப் பேசனேன்? உம் புள்ளையைப் பேசறேன்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அதனால் நான் என்ன படிக்கிறேன் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் வேறு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஐ.டி. கம்பெனிக்குப் போகிறான், வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அது புரிகிறது. என் வேலையைப் புரியவைக்க நான்தான் வார்த்தை தேட வேண்டியிருந்தது.

மாட வீதியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அதைத் தேடினேன். அம்மா, நம்ம ஊர்ல பொரி உருண்டையைப் புடுங்கிகினு ஓடுதே, சிவப்பு மூஞ்சி, அது குரங்கு. நான் பாக்கிறது மந்தி. மூஞ்சி கறுப்பா இருக்கும், உடம்பு சாம்பல் நிறம், வால் உடம்பைவிட நீளம். குரங்குக்குக் கன்னத்துல பை இருக்கு, கிடைச்சதைத் திணிச்சுக்கும். மந்திக்கு அது இல்லை. ஆனா வயிறு மாட்டு வயிறு மாதிரி, தனித்தனி அறையா இருக்கும். தின்ற இலை அங்கே ஊறிப் புளிச்சுத்தான் செரிக்கும். மத்த குரங்கால செரிக்க முடியாத முத்தின இலையைக்கூட அதால தின்ன முடியும்.

"மாவு புளிக்கிற மாதிரியா?"

"அதே மாதிரிதாம்மா."

"அப்போ வயித்துக்குள்ளயே கிரைண்டர் கீதுன்னு சொல்லு" என்றாள். அன்று முதல் பூ வாங்க வருகிறவர்களுக்கு இந்தச் செய்தியும் இலவசமாகக் கிடைத்தது.

வேலை இதுதான். ஒவ்வொரு செடியின் இலைக்கும் மேல்தோல் ஒரு மாதிரி. சிலவற்றில் செல்கள் ஓடு வேய்ந்தது போல அடுக்கி இருக்கும். சிலவற்றில் நட்சத்திரம் போல முடி இருக்கும். மந்தியின் வயிறு எவ்வளவு அரைத்தாலும் இந்தத் தோலின் துணுக்குகள் சில முழுசாக வெளியே வந்துவிடும். எச்சத்தை உலர்த்தி, சலித்து, நிறம் போகக் கழுவி, கண்ணாடித் தகட்டில் வைத்தால் அது எந்தெந்த இலையைத் தின்றது என்று படிக்கலாம். மந்தியைப் பிடிக்க வேண்டாம், மயக்க வேண்டாம். அது போன பாதையில் பொறுமையாகப் போனால் போதும்.

ஒரு பருவம் முழுக்க அப்படிப் போனேன். தெற்கே மலையடிவாரத்தில் முள்ளும் சரளையுமான காய்ந்த காடு. இரண்டு மந்திக் கூட்டங்கள். ஒன்று காட்டுக்கு உள்ளே, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம். இன்னொன்று காட்டின் ஓரத்தில், சாலையை ஒட்டிய ஒரு சிறிய அம்மன் கோயில் பக்கம். அந்தக் கோயிலுக்குக் கதவு கிடையாது. மேடை, சூலம், ஒரு வேப்பமரம், வாசலில் பூ விற்கிற ஒரு அம்மாள், அவ்வளவுதான். காலையில் சூலத்தில் சாத்திய மாலை மதியம் நான் திரும்புகிறபோது இருக்காது. பூசாரி எடுத்துவிடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். மந்திகள் வேப்பமரத்தில் இருக்கும். நான் பக்கத்தில் போனால் கலைந்துவிடும் என்பதால் சாலைக்கு இந்தப் பக்கமே நின்று, அவை போன பிறகு எச்சத்தை மட்டும் சேகரிப்பேன்.

எச்சத்தைக் காகிதப் பொட்டலத்தில் மடித்து வெயிலில் காயவைக்க வேண்டும். கொண்டுபோன ரப்பர் பேண்டுகள் அந்த வெயிலில் ஒவ்வொன்றாக இற்று அறுந்தன. கடைக்குப் போக ஒரு நாள் வேலை கெடும். என் பையில் அம்மா கொடுத்த வாழைநார்க் கட்டு இருந்தது. எதற்குக் கொடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. எங்கள் வீட்டில் யார் ஊருக்குப் போனாலும் பையில் ஒரு கட்டு நார் இருக்கும். குடை கம்பி கழன்றால் நார், செருப்பு வார் அறுந்தால் நார், சோற்று டப்பாவின் மூடிக்கும் நார். நானும் யோசிக்கவே இல்லை. நாரைத் தண்ணீரில் நனைத்து, கிழித்து, எல்லாப் பொட்டலங்களையும் புதிதாகக் கட்டினேன். பூப்பொட்டலம் கட்டிப் பழகிய கை. சீக்கிரமே முடிந்துவிட்டது.

அடையாற்றில் எங்கள் ஆய்வகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. மூட்டையை அவிழ்த்தபோது என்னோடு ஆய்வு செய்கிற ராயப்பேட்டைக்காரன் ஒரு பொட்டலத்தைத் தூக்கி முகர்ந்து பார்த்தான்.

"இன்னா மச்சி, ரெண்டு முழம் மல்லியா? ஆளுக்கொரு பொட்டலம் வச்சுகினு கோயிலுக்குப் போலாமா?"

"போ. அர்ச்சகர் பிரிச்சுப் பாத்துட்டு உன்னை ஆசீர்வாதம் பண்ணுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். எங்களை வழிநடத்துகிற மேடம் அன்று ஊரில் இல்லை.

கோயில் பக்கத்துக் கூட்டத்தின் எச்சத்தைத்தான் முதலில் எடுத்தேன். வேப்பிலை, புளி, வாகை என்று எதிர்பார்த்ததெல்லாம் வந்தன. அவற்றுக்கு நடுவே எதிர்பாராத ஒன்று. நீளமான இழைகள். இலைத்தோல் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிய கற்றைகளாக, ஓரத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் குழிகளோடு, எரிமலையின் வாய் போன்ற சின்னஞ்சிறு மணல் துகள்கள். அடுத்த தகட்டிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். நான் காட்டிலிருந்து சேகரித்து வைத்திருந்த எந்தச் செடியோடும் அது பொருந்தவில்லை.

மேடம் வந்து பார்த்தார். குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

"இது வாழைக் குடும்பம். பழம் இல்ல, தண்டு" என்றார். "செடிக்குள்ளயே உருவாகிற அந்த மணல் துகள் வேற எதுலயும் இந்த வடிவத்துல வராது. ஆனா அந்தக் காட்டுல வாழை ஏது?"

"மேலே ஓடையோரம் காட்டுவாழை இருக்கலாம் மேடம். கூட்டம் அங்கே ஏறிப்போய்த் தின்னுட்டு வந்திருக்கலாம்."

"இருக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லே எனக்கு இனித்தது. காய்ந்த காட்டின் மந்தி, தண்ணீருக்காக மலையேறி வாழைத் தண்டை மெல்லுகிறது. யாரும் இதுவரை எழுதியதில்லை என்று நினைத்தேன். நானே வாழைநாருக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன்தான். ஆனால் வீட்டுத் தரையில் கிடக்கிற பொருளை நானூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் யாருக்கு அடையாளம் தெரியும்?

அந்த நாட்களில் வீட்டில் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நைனாவின் கடை முதலாளி அண்ணாச்சி புதிதாக ஒரு கிளை திறக்கிறார். பில் போட, கணக்குப் பார்க்கப் படித்த பையன்கள் வேண்டும். 'உன் மவனை அனுப்பேன்' என்று அவராகவே கேட்டிருக்கிறார். ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்குள் பதில் சொல்ல வேண்டும். நைனா என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆண்டு இறுதி மதிப்பீட்டில் என் வேலையை ஏற்றுக்கொண்டால் உதவித்தொகை தொடரும், இல்லாவிட்டால் நின்றுவிடும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். "சரி, அது முடிஞ்சப்பால சொல்றேன்னு அண்ணாச்சி கைல சொல்லிகினு கீறேன்" என்றார்.

மதிப்பீட்டுக்கு முன் நடந்த ஆய்வகக் கூட்டத்தில் வாழைக் கதையைச் சொன்னேன். படங்களைக் காட்டினேன். முடித்த பிறகு மேடம் அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதில் தொங்கிய நாரை விரலால் இழுத்தார். அது இரண்டாகப் பிரிந்தது.

"இதை எதுல கட்டியிருக்க?"

ராயப்பேட்டைக்காரன் குனிந்துகொண்டான். மூட்டையை அவிழ்த்த அன்று அவன் அடித்த ஜோக் எனக்கும் அவனுக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"வாழைநார் மேடம்" என்றேன்.

"எல்லாப் பொட்டலமுமா?"

"எல்லாமும்தான்."

யாரும் சிரிக்கவில்லை. மேடம் கோபப்படவும் இல்லை. "அப்போ மந்தி மலையேறிச்சா, இல்ல உன் நார் உள்ள விழுந்துச்சான்னு நமக்குத் தெரியாது. தெரியாததை எழுத முடியாது. மதிப்பீட்டுக்கு முன்னாடி எனக்கு ஒரு வழி சொல்லு" என்றார்.

அன்று மாலை ஆய்வகத்தில் உட்கார முடியவில்லை. பொட்டலங்கள் கெட்டுவிட்டன என்றால் ஒரு பருவமே போனது. காட்டுக்குள் மறுபடி போக அனுமதி வாங்கி, அதே பருவம் வரக் காத்திருந்து, மறுபடி சேகரிக்க ஒரு வருஷம் ஆகும். அந்த ஒரு வருஷத்தை என்னால் வீட்டில் கேட்க முடியாது. பஸ் பிடித்து மயிலாப்பூருக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை. மாட வீதியில் நடக்க இடமில்லை. அம்மா முறத்தில் மல்லியைக் கொட்டி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து அரசாங்கம் எங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடுக்குமாடியில் வைத்த பிறகும் அவள் இந்த இடத்தை விடவில்லை. விடியலில் முதல் பஸ், இருட்டியதும் திரும்புகிற பஸ். நைனா கடை முடிந்து இங்கே வந்து சேர்ந்துகொள்வார். அன்று எனக்கு முன்பே வந்து, கவிழ்த்துப் போட்ட தண்ணீர்க் குடத்தின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா மூஞ்சி இப்டி கீது?" என்றாள் அம்மா.

சொன்னேன். சொல்லச் சொல்ல என் சட்டையைப் பார்த்தேன். கைமடிப்பில் ஒரு நார்த் துண்டு. அம்மாவின் மடியில் நார்த் தூசி, நைனாவின் தோளில், முறத்தின் ஓரத்தில். எங்கள் மூன்று பேரை அப்படியே எடுத்துச் சலித்தாலும் அந்த எரிமலை வாய்த் துகள்கள் வரும். பொட்டலத்தை விடுங்கள், என் கையே போதும்.

"அப்போ என் நாராலதான் உன் படிப்பு பூடுச்சா?"

"அப்டி இல்லம்மா."

"வேற எப்டி? நான் இன்னாத்துக்கு அத்த பையில வச்சேன்?" அவள் கை மட்டும் நிற்கவில்லை. நாலு மல்லியை வைத்து ஒரு சுற்று, ஒரு இழுப்பு.

நைனா டீ கிளாசைக் கீழே வைத்தார். "இந்தா, நீ சும்மா கட்டு. அவன் கட்னது அவன் கையி. உன் நாரு இன்னா பண்ணும்?" என்னைப் பார்த்து, "அப்போ அண்ணாச்சி கைல இன்னா சொல்றது? வரேன்னா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் ஒரு அம்மாள் வந்து நின்றார். "மல்லி ரெண்டு முழம் குடும்மா. சாமிக்கு அரளி தனியா கட்டிக் குடு, ரெண்டும் ஒண்ணா சேர்த்துடாத."

அம்மா இரண்டு பொட்டலம் கட்டினாள். ஒரே நார், ஒரே முடிச்சு, பார்க்க ஒன்றுபோல. "எது மல்லி, எது அரளி?" என்று அந்த அம்மாள் கேட்க, அம்மா ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, "தோ, இது மல்லி" என்று கொடுத்தாள்.

நான் எழுந்துவிட்டேன்.

உள்காட்டுக் கூட்டத்தின் பொட்டலங்களை நான் இன்னும் பிரிக்கவே இல்லை. அவையும் இதே நாரால், இதே கையால், ஒரே நாளில் கட்டியவை. நார் வெளியிலிருந்து விழுந்தது என்றால் அவற்றிலும் விழுந்திருக்க வேண்டும். அவற்றில் இல்லை, கோயில் பக்கத்துப் பொட்டலங்களில் மட்டும் இருக்கிறது என்றால் அது மந்தியின் வயிற்றிலிருந்து வந்தது.

"இன்னாடா, வரேன்னு சொல்லவா வேணாமா?" என்றார் நைனா.

"ரெண்டு நாள் பொறு நைனா."

"ரெண்டு நாளா? நேத்துதான் அவரு கைல ரெண்டு நாள்னு சொன்னேன்." அலுத்துக்கொண்டாலும் டீக்காரனைக் கூப்பிட்டு எனக்கும் ஒன்று சொன்னார்.

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். அவர் இரண்டு விஷயம் சேர்த்தார். எச்சத்தின் மேல்பகுதியைச் சீவித் தள்ளிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டாவது, எந்தத் தகடு எந்தக் கூட்டத்துடையது என்று எனக்குத் தெரியக் கூடாது. "உனக்கு ஆசை இருக்கு. ஆசை இருக்கிற கண்ணு இல்லாததையும் பார்க்கும்" என்றார்.

தகடுகளை ராயப்பேட்டைக்காரன் தயார் செய்தான். அவன் கையில் உறை, எனக்குத் தலைக்குத் துணி. ஆய்வகத்துக்குள் வருமுன் என் சட்டையை உதறச் சொன்னான். ஒரு கூட்டத்துக்குச் சிவப்புப் பொட்டு, இன்னொன்றுக்கு வெள்ளைப் பொட்டு. எது எதற்கு என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"மச்சி, காசு குடுத்தாலும் சொல்ல மாட்டேன்."

"என்கைல ஏது காசு?"

"அதான் தைரியமா சொல்றேன்."

வெள்ளைப் பொட்டுத் தகடுகளை முதலில் கொடுத்தான். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வரிவரியாகப் பார்த்தேன். இலைத்தோல், விதைத் தோல், பட்டைத் துணுக்கு. அந்த இழை இல்லை. அடுத்ததிலும் இல்லை. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. வெள்ளை கோயில் கூட்டமாக இருந்தால்? மேல்பகுதியைச் சீவியவுடன் நார் போய்விட்டது, அப்படியானால் எல்லாம் வெளியிலிருந்து விழுந்ததுதான் என்று ஆகிவிடும். அவன் முகத்தைப் பார்த்தேன். ஜன்னல் வழியாக எதிர்த் தோட்டத்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவப்புப் பொட்டுத் தகடு. முதல் வரியிலேயே இழை. ஓரத்தில் எரிமலை வாய்கள். அடுத்ததில் இழை. ஒன்றில் இல்லை. அதற்கடுத்ததில் தகட்டின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு கற்றை.

எல்லாம் முடிந்து நிமிர்ந்தேன். "சிவப்புல இருக்கு. வெள்ளைல ஒண்ணுல கூட இல்ல."

அவன் மேடத்தைக் கூப்பிட்டான். அவர் வந்து நின்ற பிறகுதான் சொன்னான். "சிவப்பு, கோயில் கூட்டம் மேடம்." என்னிடம் திரும்பி முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "இன்னா மச்சி, ஒரு வேளை சோறு எறங்கல எனக்கு, தெரியுமா?"

ஆனால் மேடம் இன்னும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, மந்தி தின்னுச்சு. எங்கேயிருந்து தின்னுச்சு? மலையேறிச்சுன்னு இன்னமும் நீ காட்டல."

அதற்கான பதில் சலிக்கிற வேலையில் கிடைத்தது. பெரிய துணுக்குகளைக் குறைந்த உருப்பெருக்கத்தில் பிரித்துக்கொண்டிருந்தேன். கோயில் பக்கத்து எச்சம் ஒன்றின் நடுவிலிருந்து இடுக்கியில் வந்த நார்த் துண்டு நேராக இல்லை. சுருண்டிருந்தது. தண்ணீர் விட்டு விரித்தேன். ஒரு சுற்று, அதற்குள் ஒரு இழுப்பு. அந்தச் சுற்றுக்கு நடுவே கடிபட்ட பச்சைக் காம்பின் நுனி.

பொட்டலத்துக்கு நான் போடுகிற முடிச்சு வேறு. அது இரண்டு முனையும் சேர்ந்து இறுகும். இது பூ கட்டுகிற முடிச்சு. பொட்டலத்து நாரில் கொஞ்சம் எடுத்து, மேசை மேல் கிடந்த ஒரு புல்லின் காம்பை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று, ஒரு இழுப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேடத்தைக் கூப்பிட்டேன்.

"இது நீ கட்டினது. இது?"

"மந்தி வயித்துல இருந்தது மேடம்."

அவர் மாறி மாறிப் பார்த்தார். "காட்டுக்குள்ள யாரு பூ கட்டறாங்க?"

"காட்டுக்குள்ள இல்ல மேடம். கோயில் வாசல்ல."

சொல்கிறபோதே சூலம் கண்ணுக்குத் தெரிந்தது. காலையில் மாலை, மதியம் வெறும் இரும்பு. பூசாரி எடுக்கவில்லை. சாலைக்கு இந்தப் பக்கம் நான் நல்ல பிள்ளையாக நின்றிருந்தபோது, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் அவை மாலையைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. மலையேறவும் இல்லை, ஓடையைத் தேடவும் இல்லை. அம்மனுக்குப் போட்டதை எடுத்துக்கொண்டன.

மேடம் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "உன் மலையேற்றத்தைவிட இது நல்லா இருக்கு" என்றார். "காய்ஞ்ச மாசத்துல, மத்த இலையெல்லாம் முத்திப்போன நேரத்துல, அதுங்களுக்குத் தினமும் ஈரமான பூ கிடைக்குது. அப்போ அந்தக் கூட்டம் ஏன் அந்த வேப்பமரத்தை விட்டுப் போறதில்லன்னு ஒரு கேள்வி இருக்கு. அடுத்த வருஷம் அதைப் பாரு."

அடுத்த வருஷம் என்று அவர் சொன்னதை நான் மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

மதிப்பீட்டில் படத்தைக் காட்டியபோது வெளியிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், இது பூ முடிச்சுதான் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்டார். என் அம்மா மாட வீதியில் பூ கட்டுகிறார், எனக்கும் கட்டத் தெரியும் என்றேன். கட்டிக் காட்டச் சொன்னார். கட்டினேன். கேள்வி அத்தோடு முடிந்தது. உதவித்தொகை தொடரும் என்று சில நாளில் தெரிந்தது.

அன்று மாலை நேராகத் தி.நகருக்குப் போனேன். கடையின் பின்வாசலில், மினி லாரியிலிருந்து சேலைக் கட்டுகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஆடிக் கூட்டத்துக்கான சரக்கு. நைனா ஒரு கட்டைத் தோளில் வைத்துக்கொண்டே, "இன்னா?" என்றார்.

"கிடைச்சிடுச்சு நைனா."

கட்டை உள்ளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி கைல காலைலயே சொல்ட்டேன். வர மாட்டான்னு."

"காலைலயா? மத்தியானம்தானே எனக்கே தெரியும்?"

"தெரிஞ்சா இன்னா, தெரியாட்டி இன்னா. கொரங்கு வயித்துல பூவைக் கண்டுபிடிச்சவன் பில்லு போடவா போவான்?" துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னா வேலை பாக்கறான்னு கேட்டாரு. சொன்னேன். அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? எங்க ஊருக் கோயில்லயும் மந்தி மாலையை உருவிகிட்டுத்தாம்ல ஓடும், சின்னப் புள்ளையில நாங்க கல்லு வுட்டு எறிவோம்னாரு. இத்தப் போய் படிப்பா வச்சுருக்கானுங்களான்னு ஒரே சிரிப்பு. அப்பால அரை மணி நேரம் மந்தி கதைதான். சரக்கு எறக்க வுடல."

இரண்டு வாரம் கழித்து மறுபடி காட்டுக்குக் கிளம்பினேன். பொட்டலம் கட்ட இந்தத் தடவை ஆய்வகம் பருத்தி நூல் வாங்கிக் கொடுத்திருந்தது. ராயப்பேட்டைக்காரன் அதை என் பையில் வைத்துவிட்டு, சைடு ஜிப்பையெல்லாம் திறந்து நார் இருக்கிறதா என்று சோதனை போட்டான். அவன் பயம் நியாயம்தான்.

ஆனால் அவனிடம் சொல்லாத ஒன்று இருந்தது. கடைசியாகச் சலித்த எச்சங்களில் ஒன்றில் பச்சை நிற நைலான் நூல் ஒரு துண்டு கிடைத்தது. வாழைநார் மந்தி வயிற்றில் பிரிந்து இழையிழையாக வெளியே வந்துவிடுகிறது. நைலான் பிரியவில்லை. முடிச்சு முடிச்சாகவே கிடந்தது. அந்தக் கோயில் வாசல் அம்மாள் எப்போதாவது நாருக்குப் பதில் நூலில் கட்டுகிறார் என்று அர்த்தம். இங்கே மாட வீதியிலும் பாதிப் பேர் நூலுக்குப் போய்விட்டார்கள். நனைக்க வேண்டாம், கிழிக்க வேண்டாம், சீக்கிரம் ஆகிறது.

அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். கிளம்புகிற அன்று மாட வீதியில் அவளைப் பார்க்கப் போனபோது, பெரிய கட்டாக நார் எடுத்து வைத்திருந்தாள். பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, அதன் மேல் இன்னொரு பை.

"இது உனுக்கு இல்ல. நீ கை வைக்காத. அந்தப் பூக்காரம்மா கைல குடு. எம் அம்மா குடுத்தாங்கன்னு சொல்லு. தீர்ந்தா சொல்லி அனுப்பச் சொல்லு, அனுப்பறேன்."

"அவங்க வாங்கிப்பாங்களாம்மா?"

"நாரு சும்மா வந்தா எந்தப் பூக்காரி வேணான்னு சொல்வா?" என்றாள். பிறகு கட்டுவதை நிறுத்தி, என்னைப் பார்த்தாள். "ஏன்டா, அந்தம்மா மாலைல அரளி வச்சுக் கட்டுதா?"

"வைப்பாங்க. சிவப்பு அரளி பாத்திருக்கேன்."

"அரளி வெசமாச்சே. அதுங்க அத்தயும் துன்னுதா? இல்ல மல்லியை மட்டும் பாத்துப் பிரிச்சுத் துன்னுதா?"

சலித்ததையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அரளியின் இதழ்த் தோல் எப்படி இருக்கும் என்றே நான் தகடு செய்து வைத்திருக்கவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

"அப்போ இத்த எடுத்துகினு போ" என்று கூடையின் ஓரத்திலிருந்து இரண்டு அரளிப் பூவை எடுத்து, நார் எதுவும் படாமல், ஒரு காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தாள்.